குளியல் தொட்டியில் ஒரு நிலையம்

போன சனிக்கிழமை அஜக்ஸில் நண்பர் ஒருவரின் மகளுக்குத் திருமண வரவேற்பு. வாழ்த்துரை சொல்ல என்னை அழைத்தார்கள். மணமகளின் பாலர் வகுப்புக் காலத்துக்கு நான் வருவதற்குள் ஒரு துண்டுச் சீட்டு வந்துவிட்டது: 'சுருக்கவும்.' இந்த ஊரில் என் பேச்சுக்குக் கிடைத்த விருதெல்லாம் இப்படியான துண்டுகள்தான். காரில் மனைவி, "உங்களிட்ட மைக்கைக் குடுத்தவையைத்தான் சொல்லவேணும்" என்றாள்.

மைக் என்றதும் எனக்கு அந்த இறகு ஞாபகம் வந்தது.

கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு பழைய கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தேன். அது நகரசபைக் கட்டடம். அதன் கீழ்த்தள மண்டபத்தை மார்லீன் என்ற பெண்மணி ஞாயிறுகளில் இரவல் வாங்கிக் கூட்டம் நடத்துவார். அவர் ஓஜிப்வே. நாங்கள் வந்தேறிய இந்த மண்ணின் பூர்வகுடி. கூட்டம் தொடங்குமுன் சேஜ் இலையைக் கொளுத்திப் புகை காட்டுவார்கள். சாம்பிராணிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரியான வாசம். அதற்காகவே துடைத்த நிலத்தை நான் திரும்பவும் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

அந்த மண்டபத்தைத் தங்கள் பண்பாட்டு நிலையமாகத் தரச்சொல்லி நகரசபைக்கு எழுதி எழுதி மார்லீன் களைத்திருந்தார். அதுவரை அவருடைய ஒற்றை அறை வீடுதான் நிலையம். கட்டிலுக்குக் கீழே பெரிய முரசு. குளியல் தொட்டி நிறையப் பழைய புகைப்படங்கள் அடைத்த பெட்டிகள். குளிக்கத் தங்கை வீட்டுக்குப் போய்வந்தார். "என்ர சனத்தின்ர சரித்திரம் தொட்டிக்குள்ள கிடக்குது. பைப்பைத் திறக்கவே பயமாக் கிடக்கு" என்றார் ஒருநாள். சொன்னது ஆங்கிலத்தில்தான். என் காதுக்கு எல்லோரும் யாழ்ப்பாணத்தார்.

கடைசியில் ஒருநாள் நகரசபை அதிகாரி வந்தார். தனக்கு அரை மணித்தியாலந்தான் இருக்கிறது என்றார். நான் கதிரைகளை வட்டமாகப் போட்டேன். "நீரும் இரும். மண்டபத்தைப் பாக்கிறது நீர்தானே" என்றார் மார்லீன். அவர்கள் வழக்கப்படி கழுகின் இறகு ஒன்று கைமாறி வரும். அதை வைத்திருப்பவர் பேசலாம். அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. அது முதலில் என்னிடம் வந்தது.

நண்பரே, எங்கள் ஆட்களிடம் கொடுக்கிற பொருளா அது?

ஆறுமாத ஆங்கிலத்தில், "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று தொடங்கினேன். தலைவர் யாரென்று தெரியாததால் வட்டத்தில் இருந்த பன்னிரண்டு பேரையும் தனித்தனியே விளித்தேன். மூத்திரக்கூடத்துக் குழாய் ஒழுகுவதைச் சொன்னேன். மார்லீனின் ஆட்கள் கதிரையை அடுக்கி, நிலத்தையும் துடைத்துவிட்டுப் போவதையும், எங்கள் தமிழ்ச் சங்கத்தார் கூட்டம் வைத்தால் வடைக் கடதாசி பொறுக்கவே திங்கள் மத்தியானம் ஆகிவிடுவதையும் சொன்னேன். ஒருவரும் துண்டு அனுப்பவில்லை. அப்படியொரு சபை எனக்குப் பிறகு வாய்க்கவேயில்லை. அந்தச் சந்தோஷப் புளுகத்தில் குளியல் தொட்டிக் கதையையும் அவிழ்த்துவிட்டேன்.

இறகைக் கொடுத்தபோது அரை மணித்தியாலம் முடிந்திருந்தது. மார்லீன் ஒரு கிழமையாக எழுதிய நாலு பக்கமும் மடியில் மடித்தபடி கிடந்தன. முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அதிகாரி எழுந்து கோட்டை மாட்டினார். பிறகு மார்லீனைப் பார்த்து, "அந்தத் தொட்டியை நான் ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேட்டார்.

இரண்டு மாதத்தில் மண்டபக் கதவின் திறப்பு மார்லீன் கைக்கு வந்தது. "நான் எழுதினதில தொட்டி இல்லை. சொல்ல வெக்கமாக் கிடந்தது" என்றார் மார்லீன். அன்றிரவு தன் வீட்டிலேயே குளித்தாராம்.

நிலையம் பல வருடம் நடந்தது. மார்லீன் காலமானார். பிறகு கட்டடத்தையும் இடித்தார்கள். இப்போது அங்கே கண்ணாடிக் கோபுரம். வாசலில் சேஜ் வாசமில்லை, ஏதோ பூ வாசம் தெளிக்கிறார்கள்.

வரவேற்பில் துண்டு வந்த மறுநாள் மார்லீனின் தங்கையைப் பார்க்கப் போனேன். கை கழுவக் குளியலறைக்குள் நுழைந்தால் தொட்டி நிறைய அதே பெட்டிகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் இப்போது நகரசபைக்கு எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

"அதிகாரி வந்தால் நீர்தான் வந்து கதைக்கவேணும்" என்றார்.

"எவ்வளவு நேரம்?"

"நீர் முடிக்குமட்டும்."