குருந்தவிளைப் பகவதியின் உதிரிப்பூ

பெயர் பகவதி. பிறப்பு கொல்லம் ஆண்டு 1073 (ஆங்கில ஆண்டு 1897), ஆவணி மாதம். தந்தை இசக்கிமுத்து, பனையேறி. ஊர் தோவாளைத் தாலுகாவில் குருந்தவிளை. மணம் 1091 தை மாதம். கணவன் சுயம்புலிங்கம், வெற்றிலை வியாபாரி. பிள்ளைகள் இல்லை. ஓலை வேய்ந்த வீடு, கிழக்குப் பார்த்த வாசல். வீட்டைச் சூழ்ந்திருந்த விளை என்னும் தோட்ட நிலம் ஊர்க் கிருஷ்ணன் கோவிலுக்குச் சொந்தமானது. அதற்குரிய குத்தகையான பாட்டம் நெல்லாக அல்ல, பூவாக வாங்கப்பட்டது. நாள்தோறும் விடியலில் இரண்டு நாழி உதிரிப்பூவும் ஒரு கூடைத் துளசியும் கொடுத்துவிட வேண்டும் என்பது சுயம்புலிங்கத்தின் பாட்டன் காலத்து ஏற்பாடு.

உதிரிப்பூ என்பதில்தான் எல்லாம் இருந்தது. பகவதியின் சாதியார் அந்நாளில் கோவில் மதிலுக்கு வெளியே, வயல்வரப்போடு நின்றுகொள்ள வேண்டியவர்கள். அவர்கள் வளர்த்த பூ உள்ளே போகலாம். ஆனால் உதிரியாகத்தான் போகலாம். மாலை கட்டும் உரிமைக்காரரான மாதேவன் பிள்ளை மூக்குவைத்த கிண்டியில் தண்ணீருடன் வேலியருகே வருவார். பகவதி கூடையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு முருங்கை மரத்துக்கு அப்பால் விலகிக்கொள்வாள். அவர் துளசிக் கொத்தால் மும்முறை தண்ணீர் தெளித்துப் பூவை எடுத்துக்கொள்வார். உதிரிப்பூவின் தீட்டு தண்ணீரோடு போய்விடுமாம். கட்டிய பூவின் தீட்டு போகாதாம். முடிச்சுக்குள் அது தங்கிவிடும், தண்ணீர் அங்கே புகாது என்பது அவ்வூரார் கண்டிருந்த சாஸ்திரம்.

மணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டபோது பகவதிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு சில ஆண்டுகளில் கோபமாக முற்றியது. ஊரில் அவளுக்குக் கோவக்காரி என்றே பெயர். மண்வெட்டியை அவள் ஓங்கிப் போடும் சத்தத்தைக் கேட்டே அடுத்த வீட்டார் அன்றைய பொழுதைக் கணித்துக்கொண்டார்கள். வேலி தாண்டிய ஆட்டுக்கும், அடுத்த கொம்பைப் பற்றிக்கொண்ட பாகல் கொடிக்கும் ஒரே வசைதான்.

ஆனால் அந்தக் கோபத்தில்தான் விளை செழித்தது. பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் குருந்தவிளைக் கிணறுகள் அடிமண்ணைக் காட்டும். அக்கம்பக்கத்தில் கீரைப் பாத்திகள் கருகும். பகவதியோ விடியுமுன்பே குடத்தை இறக்கிவிடுவாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் வழுதலங்காய்ச் செடிக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு, கிணற்றில் முதலில் ஊறிய தெளிந்த நீர் பிச்சிப் பந்தலுக்கு என்று அவளுக்கு ஒரு முறை இருந்தது. வேலியோரம் செத்தியும் அரளியும். கிணற்றடியில் மரிக்கொழுந்தும் துளசியும். வடக்கு மூலையில் ஆடாதோடையும் கற்பூரவல்லியான பனிக்கூர்க்கையும். நடுவில் வெண்டை, பயறு, தரையில் படர்ந்த வெள்ளரி. வெள்ளரி மஞ்சளாகப் பழுக்கும் அந்த நாள்களில்தான் கோவிலில் பத்து நாள் திருவிழா நடக்கும். பிச்சி கொட்டிப் பூப்பதும் அப்போதுதான்.

அவளுக்கு மாலை கட்ட நன்றாக வரும். வாழைநாரை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, பிச்சி மொட்டுகளுக்கு இடையே துளசியும் செத்தியும் மாறிமாறி வர, நெருக்கமாகக் கட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் சனம் கும்பிடும் அய்யாவின் நிழல்தாங்கலுக்கு ஒரு சரம் கட்டிக்கொண்டு போவாள். அங்கே எவரும் தண்ணீர் தெளித்ததில்லை. ஆனாலும் தன் விளையின் பூவை நாள்தோறும் சூடும் அந்தக் கிருஷ்ணனின் தோளில் தான் கட்டிய மாலை ஒன்று கிடக்க வேண்டும், இது பகவதி கட்டியது என்று நாலு பேர் அறிய வேண்டும் என்பது அவளுக்குத் தீராத வேட்கை. அவன் உயரமா குட்டையா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கையில் வெண்ணெய் வைத்திருப்பான் என்று மட்டும் கேள்வி.

1106 பங்குனியில், திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று, மாதேவன் பிள்ளை கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேலிக்கு வந்தார். குளிர்காய்ச்சல். நடக்க முடிந்தது, ஆனால் விரல்கள் நடுங்கியதில் நாரைப் பிடிக்க முடியவில்லை. மாலை கட்டும் உரிமைக்காக அவருடைய பங்காளி கச்சேரியில் வழக்குப் போட்டிருந்த காலம் அது. ஒரு நாள் மாலை தவறினாலும் உரிமை கைமாறிவிடும். மாதேவன் பிள்ளை மனைவியை இழந்தவர், வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏட்டி பகவதி, இன்னைக்கு நீயே கெட்டித் தா. ஒருத்தருட்டயும் மூச்சு விடப்பிடாது."

"முடிச்சுக்குள்ள தீட்டு நிக்கும்லா ஏமானே?"

"இப்பம் அதையா பேசுக?"

அவள் கட்டிக் கொடுத்தாள். ஆடாதோடைக் கஷாயமும் காய்ச்சிக் கொடுத்தாள். அதை அவர் தண்ணீர் தெளிக்காமலேயே குடித்தார். மருந்துக்கு அந்தச் சாஸ்திரம் இல்லைபோலும். காய்ச்சல் இறங்கும்வரை நாள்தோறும் அவளே கட்டினாள்; அவர் துணிக்குள் மறைத்துக் கொண்டுபோனார். சாமிக்கு இந்த மாதிரி மாலை இத்தனை காலத்தில் அமைந்ததில்லை என்று பூசை செய்யும் போற்றி மெச்சியதாக, உடம்பு தேறியபின் மாதேவன் பிள்ளையே வந்து சிரித்துக்கொண்டு சொன்னார். மறுநாளே கிண்டியில் தண்ணீரும் கொண்டுவந்தார். பகவதி முருங்கைக்கு அப்பால் போய் நின்றாள். அன்று பிற்பகல் அவள் வெட்டிய வேகத்தில் மண்வெட்டியின் காம்பு முறிந்தது.

1112 ஐப்பசியில் மகாராஜாவின் கோவில் பிரவேச விளம்பரம் வந்தது. கோவில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. சுயம்புலிங்கம் புது வேட்டி வாங்கினான். பகவதி உள்ளே போய்க் கிருஷ்ணனை முதன்முதலாகப் பார்த்தாள். இரண்டடி உயரம்கூட இல்லை. மற்றவர்கள் கண்ணீர் விட்டுக் கும்பிட்டபோது அவள் அவனுடைய தோளைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

அளந்த அளவுக்கு மாலை கட்டி, அடுத்த பங்குனித் திருவிழாவின் முதல் நாள் மாலையில் தாம்பாளத்தில் வைத்து எடுத்துச் சென்றாள். மாதேவன் பிள்ளை அவள் முகத்தைப் பார்க்காமல், வாழையிலை நறுக்கால் பிடித்து அதை வாங்கினார். வாங்கி, வெளி மண்டபத்துத் தூணில் இருந்த ஆணியில் மாட்டினார். தீபாராதனைக்குத் திரை விலகியது. சாமியின் கழுத்தில் அவர் கட்டிய மாலை. பூ அவள் விளையுடையது. விடியலில் உதிரியாகப் போனது.

பகவதி நகரவில்லை. என் மாலையை ஏன் சாத்தவில்லை என்று கோவில் மானேஜரிடம் கேட்டாள். அவர் பொறுமையாகவே விளக்கினார். விளம்பரம் உள்ளே வருவதற்கும் தொழுவதற்கும்தான். மாலை கட்டுவது உரிமைக்காரர் காரியம். கட்டிய பூவின் சுத்தம் வேறு விஷயம். அவளுடைய சொந்தச் சனமே அவளை அடக்கப் பார்த்தது. இப்போதுதானே விட்டிருக்கிறார்கள், கெடுத்துவிடாதே என்றார்கள். சுயம்புலிங்கம் அவள் கையைப் பிடித்தான்.

"உள்ள விட்டாச்சுல்லா, பொறவு என்னட்டி?"

"உள்ள விட்டது ஒம்ம வேட்டியத்தான். என் கைய இன்னும் விடல" என்று கையை உதறிக்கொண்டாள். பிறகு மாதேவன் பிள்ளையின் பக்கம் திரும்பினாள். அதுவரை அவரை அவள் ஏமானே என்றுதான் அழைத்திருந்தாள்.

"வேய், ஆறு வருசத்துக்கு முன்ன நீரு குளிர்காய்ச்சல்ல கெடந்தீரே, அன்னைக்கு சாமி கழுத்துல கெடந்த மாலைய கெட்டுனது ஆரு? இவியளுக்குக் கேக்க சொல்லும்."

 மண்டபத்தில் இருந்தவர்கள் மாதேவன் பிள்ளையின் பக்கம் திரும்பினார்கள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். அந்தச் சொல் அவருக்கு வரவில்லை. உள்ளிருந்து எட்டிப் பார்த்த போற்றி, தூணில் தொங்கிய மாலையின் கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தான் அன்று மெச்சிய அதே கட்டு; பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மானேஜருக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. விளம்பரத்துக்குப் பின் நடந்ததாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். இது முந்தைய காலத்துத் தீட்டு. அன்றைய விதிப்படி கழிக்கப்படாமல் சாமியின் மேலேயே நின்றுவிட்டது. ஆகவே சுத்தி செய்தாக வேண்டும்; மாலை சாத்திய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கலசம் வைத்து மந்திரித்து, அந்த நீரால் அபிஷேகம் செய்ய வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டார். மாதேவன் பிள்ளை தரையைப் பார்த்தபடி, ஒன்றிரண்டு நாள் இருக்கும் என்றார். பகவதி ஒன்பது என்றாள். போற்றி பார்த்து முடிவு செய்யட்டும் என்று மானேஜர் எழுந்துவிட்டார்.

இத்தனை ஆண்டு மழை பெய்தது, வயல் விளைந்தது, பிள்ளைகள் பிறந்தன. அவ்வளவையும் அந்தத் தீட்டோடுதான் சாமி கொடுத்தாரா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே அவள் வீட்டுக்கு நடந்தாள்.  சுயம்புலிங்கம் நாலு அடி பின்னால் வந்தான்.

மறுநாள் விடியலில் அவள் பூப்பறிக்கப் போகவில்லை. பிச்சி பந்தலிலேயே விரிந்து வாடத் தொடங்கியது. வெள்ளரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது மாதேவன் பிள்ளை வேலிக்கு வந்தார். கையில் கூடை இருந்தது, கிண்டி இல்லை.

"பகவதி, கொஞ்சம் தொளசி வேணும்."

"எதுக்கு?"

அவர் கூடையைக் கைமாற்றிக்கொண்டார். "சுத்திக் கலசத்துக்கு."

தன் கை பட்ட தீட்டைக் கழிக்கத் தன் கை வளர்த்த துளசி. குடத்தை அவள் கீழே வைத்த வேகத்தில் அதன் விளிம்பு உடைந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் கேட்டது வேறு.

"எத்தன கலசம் வைக்காவ?"

"மூணு வச்சாப் போதும்னு போற்றி சொல்லுதாரு. வெளிய தெரிஞ்சா கொறச்சல்லா."

பகவதி துளசிப் பாத்திக்குப் போனாள். கிளை கிளையாக ஒடித்தாள். கூடை நிரம்பி வழிந்தது. அதைக் கல்லின் மேல் வைக்கவில்லை, முருங்கைக்கு அப்பால் விலகவும் இல்லை. வேலிக்கு மேலாக அவர் கையிலேயே கொடுத்தாள்.

"ஒம்பது கலசத்துக்கும் இது காணும். ஒவ்வொண்ணும் நான் கெட்டுன மாலை. ஒண்ணு கொறஞ்சாலும் நான் உள்ள வந்து எண்ணுவேன். இப்பம் வரலாம்லா?"

மாதேவன் பிள்ளை தலையசைத்தார்.

கொல்லம் 1112, பங்குனி மாதம், திருவிழா இரண்டாம் நாள் காலை. குருந்தவிளைக் கிருஷ்ணன் கோவில் சன்னதியின் முன் அரிசி பரப்பி, துளசி சார்த்தி வைக்கப்பட்ட கலசங்கள் ஒன்பது.