எங்கள் வீட்டு ஓட்டு

துபாய் சைட் ஆபீசில் எனக்கு ஃபைல்களைக் கட்டி மேய்க்கும் வேலை. எதிர் மேசையில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். ஆஸ்திரேலியாக்காரர், அந்த மண்ணின் பூர்வகுடி. அதிகம் பேசமாட்டார். அந்த வருடம் மட்டும் பேசினார். அவர்கள் நாட்டில் ஒரு பொது வாக்கெடுப்பு வந்தது. பூர்வகுடிகளைப் பற்றிய விஷயங்களில் அரசாங்கத்துக்கு யோசனை சொல்ல அவர்களுக்கென்று ஒரு குழு. அதை அரசியல் சாசனத்தில் எழுதலாமா, கூடாதா என்று கேள்வி.

"பூர்வகுடிப் பிள்ளை என்பதற்காகவே என் அம்மாவை எட்டு வயதில் வீட்டிலிருந்து பிரித்து அரசாங்க வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை," என்றார் ஒருநாள். தபாலில் ஓட்டை அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

என் தம்பி மெல்போர்னில் குடியுரிமை வாங்கியவன் என்று டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன். அவன் எப்படிப் போடுவான் என்று உடனே கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? ஊரில் வேட்பாளர் கும்பிட்டுக்கொண்டு வந்து நின்றால், வீட்டில் மூத்தவன் யாரையும் கேட்காமல் ஒரு வார்த்தை கொடுத்துவிடுவானே, அதே தோரணையில் சொன்னேன்: "எங்கள் வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான். தம்பி என் பேச்சைத் தட்டமாட்டான்." மனுஷன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நான் 'நோ'தான் போடப்போறேன்."

"ஏன்டா?"

"எல்லாரும் ஒரே நாடுன்னு ஆனப்புறம் ஒரு கூட்டத்துக்கு மட்டும் எதுக்குத் தனியா? விவரமும் ஒழுங்கா சொல்லலை. இங்க தமிழ் ஆளுங்க குரூப்ல பாதிப் பேர் அப்படித்தான் பேசுறாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீ இன்ஜினியரிங் எந்த சீட்ல படிச்ச? பஞ்சாயத்துத் தலைவர் பதவிய நம்ம சனத்துக்குன்னு ஒதுக்கின பிறகுதானேடா நம்ம தெருவுக்கு ரோடே வந்துச்சு?"

"அது வேற, இது வேற."

"எதுடா வேற?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "இங்க நான் யாருன்னு யார்கிட்டயும் சொல்லலைண்ணே. 'எஸ்'ஸுன்னு வாயத் திறந்தா, உனக்கு என்ன அவ்வளவு அக்கறைன்னு கேப்பாங்க."

"ஓட்டு ரகசியம்தானேடா?"

"ரகசியம்தான். அவங்களோட சேர்ந்து பேசிப் பேசி, இப்ப எனக்கே அது சரின்னு படுது. விட்டுடுண்ணே."

அதற்குமேல் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அவன் விமானம் ஏறிய அன்று, "அங்கயாவது நிம்மதியா இரு, எந்த ஊரு எந்தத் தெருன்னு எவன்கிட்டயும் சொல்லாதே," என்று காதில் ஓதி அனுப்பியவனே நான்தான். ஆனாலும் கோபம் தீரவில்லை. அவன்மேலா, என்மேலா என்று இன்றுவரை தெரியவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். திங்கள் சொல்லலாம், செவ்வாய் சொல்லலாம் என்று வாரங்களை ஓட்டினேன். அவர் தலை நிமிர்த்தினாலே ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கோழைப் பயல்.

வாக்கெடுப்பு நடந்த சனிக்கிழமை, எங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே (அங்கே இரவு) முடிவு தெரிந்துவிட்டது. தோற்றுப்போனது. ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. "அவங்க ஊர் பஞ்சாயத்து, நமக்கென்ன," என்றபடி பக்கத்து மேசைக்காரர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார். இன்ஸ்பெக்டர் போனைக் கவிழ்த்து வைத்தார். சாப்பாட்டைத் தொடவில்லை.

பிறகு எழுந்து என் மேசைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"உன் தம்பிக்கு என் நன்றியைச் சொல். அவர் படம் ஒன்று அனுப்ப முடியுமா? வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் நமக்காக ஓட்டுப் போட்டிருக்கிறார் என்று காட்டவேண்டும்."

சரி என்று தலையாட்டினேன். தம்பி தன் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருக்கும் படம் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினேன்.