மாடு ஓட்டப் போய் பஸ்ஸை ஓட்டிய கதை

சிங்கப்பூரில் பதினாறு வருஷம் கட்டட வேலையில் இருந்தேன். அதில் கடைசி ஏழு வருஷம் பாதுகாப்பு மேற்பார்வையாளர். கிரேன் திரும்பினால் கொடி, லாரி பின்னால் வந்தால் விசில், தலையில் தொப்பி இல்லாதவனுக்கு ஏச்சு. வேலையை விட்டு ஊருக்கு வந்த அந்த மாசியில், எங்கள் மாடுகள் ரோட்டைக் கடக்கிற லட்சணத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

வீடு மன்னார்குடி ரோட்டுக்கு இந்தப் பக்கம். வயல் அந்தப் பக்கம். அறுப்பு முடிந்துவிட்டதால் மாடுகள் தினமும் காலையில் அங்கே மேயப் போகும். ரோட்டை அகலப்படுத்தியதிலிருந்து நெல் மூட்டை லாரியும் காலேஜ் பஸ்ஸும் வேளாங்கண்ணி வேனும் ஓயாமல் பறக்கின்றன. என் மனைவி ஒன்பது மாடுகளோடு அதன் நடுவே இடது கையை நீட்டிக்கொண்டு நடந்துபோவாள். கையில் ஒரு குச்சிகூட இருக்காது.

“இதுக்கு ஒரு முறை வேணாமா? நாளைக்கு நான் ஓட்டுறேன்” என்றேன்.

“ஓட்டுங்களேன்” என்றாள். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, சிவப்புக் கொடியும் விசிலுமாகக் கிளம்பினேன். மாடுகளுக்கு என்னையே சரியாகத் தெரியாது. அந்தச் சட்டைக்குள் சுத்தமாக அடையாளம் தெரியவில்லை. கன்றுக்குட்டியோடு வந்த செவலைப் பசு கொடியை மோந்து பார்த்து அதன்மேல் தும்மியது.

நடுரோட்டில் நின்று நீளமாக ஒரு விசில் அடித்தேன். டவுன் பஸ் நின்றது. அதன் பின்னால் லாரியும் நின்றது. எனக்கு நெஞ்சு ஒரு சுற்று விரிந்தது. ஐந்து மாடுகள் அழகாக அக்கரை சேர்ந்தன. ஆறாவதாக வந்த செவலை பஸ்ஸுக்கு முன்னால் வந்ததும் நின்று திரும்பிப் பார்த்தது. கன்று இன்னும் ரோட்டோரத்திலேயே தயங்கிக்கொண்டிருந்தது. அதை அவசரப்படுத்துவதற்காக “பீப், பீப்” என்று சின்னதாக இரண்டு விசில் அடித்தேன்.

எங்கள் ஊர் பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். டிரைவர் பின்னால் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். காது கேட்டதைக் கால் செய்துவிட்டது. பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்து, செவலையின் விலாவுக்கு ஒரு சாண் முன்னால் குலுங்கி நின்றது.

செவலை அசையவில்லை. “ம்மா” என்று கத்திக்கொண்டு அங்கேயே நின்றது. பின்னால் வந்த மூன்றில் ஒன்று வீட்டுக்குத் திரும்பி ஓடியது, ஒன்று டீக்கடைக்குள் நுழைந்தது, ஒன்று மன்னார்குடியைப் பார்த்து நடையைக் கட்டியது.

பஸ்ஸுக்குள் சண்டை ஆரம்பித்தது.

“மாடு நிக்கிறப்ப எதுக்குய்யா ரைட் குடுத்த?” என்றார் டிரைவர்.

“நான் அடிக்கவே இல்லண்ணே!” என்றார் கண்டக்டர்.

“ரெண்டு விசில் கேட்டுச்சா, இல்லையா?”

“கேட்டுச்சு. ஆனா நான் அடிக்கல.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். விசில் இன்னும் என் வாயில்தான் இருந்தது. கண்டக்டர் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் அளந்தார்.

“சாருக்கு எந்த டெப்போ?”

நான் செவலையின் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அது என்னைத்தான் இழுத்தது. ஜன்னலுக்கு ஒரு தலை முளைத்து யோசனை சொல்லியது. வாலைத் திருகச் சொன்னார் ஒருவர். தண்ணீர் காட்டச் சொன்னார் இன்னொருவர். “நான் பத்து மணிக்கு ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும் சார்” என்று ஒரு அம்மா அழாத குறையாகச் சொன்னார். பின்னால் வண்டிகள் வாய்க்கால் பாலம் வரைக்கும் நின்றன. பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட நான் அப்படிக் கூனிக் குறுகியதில்லை.

பால் கேனைக் கழுவிய ஈரக் கையோடு என் மனைவி வந்தாள். கன்றின் கழுத்தை அணைத்துப் பிடித்து செவலையின் மூக்குக்கு முன்னால் நடத்திக்கொண்டு போனாள். செவலை பின்னாலேயே போய்விட்டது. அக்கரையில் நின்று “பா... பா” என்று ஒரு குரல் கொடுத்தாள். டீக்கடை மாடு வாயில் வாழைப்பழத் தோலோடு வெளியே வந்தது. வீட்டுக்கு ஓடியதும் திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. மன்னார்குடிக்குப் போனதை பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேர் மறித்துத் திருப்பினார்கள்.

“ஏம்மா, நீ வந்தா ஒரு நிமிஷத்து வேலை. இன்னிக்கு ஏன் இவர அனுப்புன?” என்று கேட்டார் டிரைவர்.

“ஆசப்பட்டாருண்ணே” என்றாள்.

பஸ்ஸே சிரித்தது. கையெழுத்துப் போட வேண்டிய அம்மாவும் சிரித்தார்.

மறுநாள் காலை அவள் மாடுகளை அவிழ்க்கும்போது, நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

“கன்னுக்குட்டியப் புடிச்சுக்கிட்டு பின்னால வாங்க. ஒண்ணும் செய்யாதீங்க, சும்மா வாங்க” என்றாள்.

அப்படியே போனேன். இப்போதும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.