எண்பதில் வைத்த அலர்ட்

முதலியார்பேட்டையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எனக்கு ஆபீஸ். விழுப்புரம், கடலூர் பக்கத்து ஸ்கேன் சென்டர்களின் சர்வர்களை அங்கிருந்தே பார்த்துக்கொள்வேன். அவற்றில் பாதியை நேரில் பார்த்ததே இல்லை. சர்வரில் இருக்கும் டிஸ்க் எழுத எழுதத் தேயும். எத்தனை சதவீதம் தேய்ந்தால் யாருக்கு எச்சரிக்கை மெயில் போக வேண்டும் என்று குறித்து வைப்பது என் வேலையில் ஒரு பகுதி.

ஒன்பது வருஷம் இந்த வேலையை என்னோடு பங்கு போட்டுக்கொண்டவர் ரெட்டியார்பாளையத்துக்காரர். பயந்தாங்கொள்ளி என்று அவரை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்திருக்கிறேன். நான் தொண்ணூற்றைந்தில் அலர்ட் வைப்பேன். அவர் எண்பதிலேயே வைப்பார்.

"எண்பதுக்கே கத்துனா, நெசமா கத்தும்போது எவன் பாப்பான்?" என்பேன்.

"ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்னுதான் ரெண்டு டிஸ்க் போடுறோம். ரெண்டையும் ஒரே நாள்ல வாங்கினா ஒரே நாள்லதான் போவும். அப்ப என்னா பண்ணுவ?" என்பார்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். அவர் மெயிலுக்கு எண்பது, என் மெயிலுக்குத் தொண்ணூற்றைந்து.

அலர்ட் மெயில் வந்தால் ஒலிப்பதற்காகத் தன் குரலையே போனில் பதிந்து வைத்திருந்தார்: "இரு, வரேன்." சர்வருக்குப் பதில் சொல்கிறாராம். மீட்டிங் நடுவில் அது ஒலிக்கும்போதெல்லாம் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

ஆடி மாதம் மாரடைப்பில் போய்விட்டார். எங்களுடையது நாலு பேர் கம்பெனி. சாவு வீட்டுக்குப் போய்வந்த கையோடு அலர்ட் லிஸ்டிலிருந்து அவர் மெயிலை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. கத்தோலிக்கக் குடும்பம், கல்லறைத் திருநாள் கழியட்டும், அப்புறம் எடுக்கலாம் என்றேன். சொன்னவள் நான்தான். அந்த மெயிலை இனி யார் திறந்து பார்ப்பார்கள் என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. மரியாதை கண்ணை மறைத்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் மனைவி போன் செய்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அவரு போனை நான் அணைக்கல. தெனம் சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன். ஒரு மாசமா காலையில பத்து மணிக்கு அவரு பேசுறாரு."

"என்னாம்மா பேசுறாரு?"

"'இரு, வரேன்'ங்கறாரு. அவ்ளோதான். அம்மா அவரு ஆத்துமாவுக்குக் கோயில்ல பூசை வெக்கணும்னு சொல்றாங்க. எனக்கு வேணாங்க்கா. பயமில்ல. பத்து மணியானா அடுப்ப அணைச்சிட்டுப் பக்கத்துல போயி உக்காந்துக்குவேன்."

பேசிக்கொண்டே சர்வர்களைத் திறந்து பார்த்தேன். ஒரு ஸ்கேன் சென்டரில் இரண்டு டிஸ்க்கும் எண்பத்திரண்டு, சொல்லி வைத்தாற்போல். அவருக்குத் தினமும் காலை பத்து மணிக்கு மெயில் போயிருக்கிறது. எனக்கு ஒன்றுகூட வரவில்லை. முதலில் வந்தது துக்கமில்லை, கோபம். செத்த பிறகும் அவர் சொன்னதே சரியாக இருக்கிறதே என்ற கோபம்.

டிஸ்க் தேய்ந்ததற்கு வரும் மெயிலின் சத்தம்தான் அது என்று அவளிடம் சொன்னேன்.

"புது டிஸ்க் போட்டா?"

"நின்னுடும்மா."

"எப்ப போடுவீங்க?"

"வியாழக்கெழம."

"அப்ப இன்னும் மூணு நாள் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழன் மதியம் சென்டர் ஆள் டிஸ்க்குகளை மாற்ற, நான் இங்கே மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் தேய்மானம் பூஜ்யம். மறுநாள் பத்து மணிக்கு என் வீட்டில் இல்லாத ஒரு போனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகும் பத்து மணியானால் கை தானாக நின்றுவிடும். அந்த வீட்டில் அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றும்.

தினமும் ஒரு சோதனை மெயில் போகும்படி செய்துவிடலாம். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் செத்தவர் போனுக்குப் பொய் மெயில் அனுப்பப் பிடிக்கவில்லை. ஒரு அலர்ட்டைக்கூட அந்த மனிதர் விளையாட்டுக்கு அனுப்பியதில்லை.

அந்த ஒரு சர்வரின் செட்டிங்ஸைத் திறந்தேன். என் மெயிலுக்கு எண்பது வைத்தேன். அவர் மெயிலுக்கு எதிரே இருந்த எண்பதை அழித்துவிட்டு, ஒன்று என்று போட்டேன். எண்பதே குறைவு என்று ஒன்பது வருஷம் சண்டை போட்டவள்! புது டிஸ்க் ஒரு சதவீதம் தேய எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியாது. அவளிடமும் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். போனைப் பற்றி இருவரும் பேசவில்லை. லிஸ்டில் அவர் மெயிலை நான் எடுக்கவும் இல்லை.

சில நாள் கழித்து, ஒரு காலை, பத்து அடித்துச் சில நிமிஷங்களுக்குள் என் போன் அடித்தது. அவள் நம்பர். எடுத்தேன்.

"அக்கா," என்றாள், "வந்துட்டாரு."