துக்க வீட்டுச் சோறு

சின்னாளபட்டியில் எங்கள் நெசவாளர் தெருவில் விஷக்காய்ச்சல் பரவியபோது சுகாதார இலாகாக்காரர் ஒருவர் வந்தார். ஒல்லியானவர், பேசும்போதே விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பார். எல்லோரிடமும் மலம் வாங்கிப்போய்ச் சோதித்துவிட்டு, மறுவாரம் நேராக என் அடுப்படிக்கு வந்தார்.

“எழவு வீட்டுக்கெல்லாம் தயிர்சோறு பிசைஞ்சு குடுத்தது நீங்கதானாம்மா?”

“ஆமாங்கய்யா. அங்க அடுப்பு மூட்டக் கூடாதுல்ல?”

“தின்னவங்களுக்குத்தான் அடுத்து காய்ச்சல். கிருமி உங்க வயித்துல இருக்கு, கை வழியாப் போகுது.”

“எனக்குத் தலவலிகூட வந்ததில்லையே!”

“உங்கள அது ஒண்ணும் செய்யாதும்மா.”

அன்றைக்கு இன்னொரு வீட்டுக்காகப் பிசைந்திருந்த சோற்றை அவரே குழியில் கொட்டி மூடினார். தெருவில் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை.

அதன்பின் எந்தத் துக்க வீட்டுக்கும் நான் சோறு கொண்டுபோகவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஏசினார்கள். ஏசட்டும், உயிரோடு இருந்துதானே ஏசினார்கள்.