வாய்க்காலில் இறங்கிய நத்தைகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மகாராஜபுரத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர் வேலை. ஒரு நாள் கண்ணாடித் தொட்டி, வண்ண மீன்கள், நீர்ச்செடிகள் எல்லாவற்றையும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். செடியில் பசைபோல் ஒட்டியிருந்த முட்டைகளை நாங்கள் கவனிக்கவில்லை. கொஞ்ச நாளில் கண்ணாடி முழுக்கச் சுண்டுவிரல் நகம் அளவில் பழுப்பு நத்தைகள். மீன்களும் செத்துப்போயின. வெறுத்துப்போய், வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்தார். பிளவக்கல் அணைத் தண்ணீர் வரும் வாய்க்கால் அது.

மறு வருஷம் படித்துறைக் கல்லெல்லாம் அந்த நத்தைகள்தான்.

"இது நம்மூரு நத்தை இல்லையே, எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் குனிந்தபடி துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கரையில் வந்துகொண்டிருந்த என் கணவர், "நாந்தான் மதினி கொட்டினேன். தெரியாமச் செஞ்சிட்டேன்" என்றார். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது.

அதோடு விட்டாரா? ஷிப்ட் முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியோடு வாய்க்காலில் இறங்கிக் கல் கல்லாகப் புரட்டி நத்தை பொறுக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்கு 'நத்தைக்காரர் வீடு' என்றே பெயராகிவிட்டது.

"ஊரே சிரிக்குது. செத்த நேரம் வீட்டுல இருங்களேன்" என்று கெஞ்சினேன்.

"போட்டது நானில்லா? நாந்தான் எடுக்கணும்" என்றார்.

ஒரு சாயங்காலம் சேத்தூரிலிருந்து என் அப்பா வந்தார். வரும் வழியிலேயே மருமகனைப் பார்த்திருக்கிறார். "மாப்பிள்ளைக்கு மில்லுல வேலை போயிருச்சாம்மா? வாய்க்கால்ல நிக்காவளே."

"மீன் பிடிக்காவ" என்றேன்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் வாளியோடு உள்ளே வந்தார். நான் சொன்னது காதில் விழுந்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "வாங்க மாமா" என்று மட்டும் சொன்னார். அப்பா வாளியை எட்டிப் பார்த்தார். உள்ளே முழுக்க நத்தை. நான் அப்பாவுக்குக் காபி போடப் போனேன்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஓடியது. வெள்ளம் வடிந்ததும் கீழே ஆறுவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆத்துக்குள்ளயும் போயிருச்சு. அங்க எம்புட்டுப் பொறுக்க?"

அதற்குப் பிறகு அவர் வாய்க்காலில் இறங்கவில்லை. நான் அப்பாவிடம் சொன்ன பொய்யைப் பற்றி என்னிடம் கேட்கவும் இல்லை. நானாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் தான் செய்ததைச் சொன்ன மனுஷனைப் பற்றி அப்பாவிடம் உண்மையைச் சொல்ல நான் கூசினேனே என்று, இப்போதும் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று நினைப்பு வரும். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.