தர்சிகா சரியாகத்தான் எழுதியிருந்தாள்

என் தோழியின் சரியான விடைகளைப் பிழை என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அதனால் இன்று நான் மருத்துவபீடத்தில் இறுதியாண்டு மாணவி. அவள் கிளிவெட்டியில் ஒரு மருந்துக்கடையில், வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் துண்டைப் பார்த்து மாத்திரை எண்ணிக் கொடுக்கிறாள்.

இதைவிட நேராகச் சொல்ல எனக்குத் தெரியாது.

உடனே இரக்கப்பட்டுவிடாதீர்கள். ‘பாவம், பத்தொன்பது வயதுப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள்’ என்று நீங்கள் சொல்ல வருவது எனக்குக் கேட்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை. பத்தொன்பது வயதில் ஒருத்திக்கு எல்லாம் தெரியும்.

தர்சிகாவின் தகப்பன் வயல் செய்கிறவர். அவர்களுடைய ஊரில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வசதியில்லை என்பதால் அவள் திருகோணமலை நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பரீட்சை மாதத்தில் பஸ்ஸில் அலையக்கூடாது என்று எங்கள் வீட்டிலேயே தங்கினாள். என் அறை, என் மேசை, இரண்டு கதிரை. அவளிடம் பட்டன் போன் ஒன்றுதான் இருந்தது. அவளுடைய தகப்பன் ஒரு மூட்டை அரிசியைத் தோளில் சுமந்துவந்து எங்கள் குசினியில் இறக்கிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: “பிள்ளை, இவளையும் உங்களோட சேர்த்து ஒப்பேத்தி விடுங்கோ.”

ஒப்பேற்றினேன்... நன்றாகவே ஒப்பேற்றினேன்!

எங்கள் நாட்டில் பல்கலைக்கழக இடங்களை மாவட்டத்துக்கு இத்தனை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் யார் யார் அதன் கிட்ட நிற்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் எப்போதும் நான் முதலாவது, தர்சிகா இரண்டாவது. ஒரே கட்டிலில் படுத்து ஒரே புத்தகத்தைப் படிக்கிற இரண்டு பேரை ஒரே கதிரைக்குப் போட்டிக்கு விட்டவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர்கள் யாரும் என் வாயைத் திறந்து பொய்யை உள்ளே வைக்கவில்லை. பொய் என்னுடையது.

அன்று உயிரியல். காலையில் பல்தேர்வு வினாக்கள், மதியத்துக்குப் பிறகு கட்டுரை வினாக்கள். இடைவேளையில் கடற்கரைப் பக்கத்து மரநிழலுக்கு வந்தோம். கச்சான் காற்று முகத்தில் அடித்தது. வழக்கம்போல, நகரத்துக்குள் திரிகிற மான்கள் சாப்பாட்டுப் பார்சலுக்காகச் சுற்றி நின்றன. மான்களைவிட ஆவலாக என்னைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். ஒவ்வொரு பரீட்சைக்கும் இதுதான் நடக்கும். வெளியே வந்ததும் நான் விடைகளை வரிசையாகச் சொல்லவேண்டும். மற்றவர்கள் தங்கள் விடைகளோடு ஒத்துப்பார்த்துச் சிரிப்பார்கள் அல்லது அழுவார்கள். நான் சொன்னால் அதுதான் விடை! அந்த மரியாதையை நானும் வெட்கமில்லாமல் வாங்கி வைத்திருந்தேன்.

“இருபத்திமூண்டு?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ரெண்டு” என்றேன்.

“ரெண்டா?” தர்சிகாவின் முகம் சுருங்கியது. “நான் நாலு போட்டனான். அந்தக் கலங்கள் உயிரோட இருக்கிற கலங்கள். அதில இலிக்னின் வராதுதானே?”

வராது. அவள் சொல்லி முடித்த கணமே எனக்கு விளங்கிவிட்டது. அவள் சரி, நான் பிழை! அடுத்த கேள்வி... அதிலும் அவள் போட்டதுதான் சரி. இன்னொன்று... அதுவும். மூன்று கேள்விகளில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். அது எங்கள் இரண்டு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது எனக்கு வந்தது பயம் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. அது ஆத்திரம். என் வீட்டில் தங்கி, என் மேசையில் படித்து, என்னை முந்துகிறாளா என்கிற அசிங்கமான ஆத்திரம்.

“விசரி, வினாவை வடிவாப் பார்த்தனியே?” என்று கேட்டேன். “அது அந்த இழையத்தைப் பற்றிக் கேட்கேல்லை. கேள்வியிலேயே மடக்கியிருக்கிறாங்கள். நீ அவசரப்பட்டிட்டாய்.”

அதன் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. அவள் கேட்டவற்றில் ஆறு விடைகளைப் பிழை என்றேன். அத்தனையும் சரி என்று தெரிந்துதான் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் அந்த இடத்திலேயே செய்து கொடுத்தேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவளைப் போலவே விடை போட்ட ஒருத்தி, “ஐயோ, அப்ப எனக்கும் பிழைதான்” என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை பேரில் ஒருத்திக்காவது என்னை எதிர்த்துக் கேட்க வாய் வரவில்லையே! அவர்களை நினைத்தாலும் எனக்கு எரிகிறது. அவர்கள்மேல் எரிய நான் யார்?

தர்சிகா சாப்பிடவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலைப் பிரித்து மானுக்கு வைத்தாள். “எனக்கு இனி எழுத ஏலாதடி” என்றாள். நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தேன். கேட்கிறீர்களா? தடவிக்கொடுத்தேன்!

மதியம் மண்டபத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவள் இருந்தாள். அவளுடைய தோள் அசையவே இல்லை. நான் கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம், டியூட்டரியில் உயிரியல் படிப்பிக்கிற சேர் என் போனுக்கு விடைகளை அனுப்பினார். ஆறும் அவள் போட்டபடியே இருந்தன. எதிரே, மற்றக் கதிரையில், இரசாயனவியல் புத்தகத்தைத் திறந்தபடி அவள் இருந்தாள்.

“சேர் அனுப்பிட்டாரே?”

இன்னும் இரண்டு பாடங்கள் இருந்தன. ‘நான்தான் பிழை, நீ சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நிமிர்ந்திருப்பாள். மரத்தடியில் சொன்னதை ஆத்திரத்தின்மேல் போடலாம். இதை எதன்மேல் போடுவது?

“ஓம்” என்றேன். “நான் சொன்னதுதான்.”

பெறுபேறு வந்தது. நான் வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை மேலே. தர்சிகா கீழே. அடுத்த வருடம் அவள் மறுபடி எழுதினாள். புள்ளி இன்னும் குறைந்தது. ஏன் என்று கேட்டேன். “முதல் போடுறது சரியா இருக்கும்போல இருக்கும். ஆனா என்னை நம்ப ஏலாதுதானே, அதால மாத்திப்போட்டிடுவன்” என்றாள். சரியானதை மாற்றிப் பிழையைப் போட்டிருக்கிறாள்! நான் அவளிடமிருந்து எடுத்தது ஆறு விடைகளை அல்ல என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. மூன்றாம் முறை அவள் எழுதவில்லை.

விடைகளோடு வந்த கடந்தகால வினாத்தாள் புத்தகம் ஒன்று அவளிடம் இருந்தது. நாங்கள் சேர்ந்து எழுதிய வருடத்தின் பக்கங்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து மூடியிருந்தாள். அந்தப் பரீட்சையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுவாள். “பார்த்தால் நெஞ்சு இடிக்குது” என்றாள். என் உண்மை அந்தப் பக்கங்களுக்குள்ளே கிடந்தது. நான் புத்தகத்தை மூடிக் கையில் கொடுத்தேன்.

மாதா கோவிலுக்குப் போனேன், பாவசங்கீர்த்தனம் செய்ய. “பொய் சொன்னேன், சுவாமி” என்றேன். என்ன பொய், யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். மூன்று! வாசல்படி இறங்கும்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு மலிவாகவா விடுவார்கள்?

அவளுடைய தகப்பன் இன்றும் ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு மூட்டை அரிசி அனுப்புகிறார். நான் விடுமுறைக்கு வந்தால் அந்தச் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். இறங்குகிறது... அதுதான் கொடுமை, தொண்டையில் ஒன்றும் சிக்குவதில்லை.

இந்த வருடம் தர்சிகாவின் தங்கை விதுஷா உயர்தரம் எழுதினாள். எங்கள் வீட்டில், அதே அறையில் தங்கினாள். நானும் விடுமுறைக்கு வந்திருந்தேன். உயிரியல் பரீட்சையன்று தர்சிகா கடையில் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். இடைவேளைக்கு அதே கடற்கரை, அதே மரம். விதுஷா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை.”

அவள் கேள்விகளையும் விடைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். எல்லாம் சரி. ஒன்று மட்டும் பிழை, வெளிப்படையான பிழை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாம் சரி” என்றேன். “போய்ச் சாப்பிடு. மதியம் இதேமாதிரி எழுது.”

அவள் சிரித்துக்கொண்டு பார்சலைப் பிரித்தாள். தர்சிகா என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

“கடைசியாச் சொன்னது பிழைதானே? எனக்கு அப்பிடித்தான் பட்டது... வடிவாத் தெரியாது.”

“பிழைதான்.”

துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பல் ஊதியது. அவள் என் தோளில் கை வைத்தாள்.

“அண்டைக்கு எனக்கும் இப்பிடி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நீ அப்ப சரியான நேர்மையடி.”

அவள் குற்றம் சாட்டவில்லை. என்னை மன்னித்துக்கொண்டிருந்தாள், நான் செய்யாத ஒன்றுக்காக! ஒரே ஒரு வசனம் போதும். ‘நீ அன்று சரியாகத்தான் எழுதியிருந்தாய்.’ அது என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. இப்போது உங்களிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறேன் பாருங்கள்! நீங்கள் தர்சிகா இல்லையே.

அவள் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தாள்.

“ஓம்” என்றேன்.